அரிசித் தட்டில் எழுதிய பிள்ளைகள்

இதை எழுத வேண்டும் என்று நினைத்து எத்தனையோ வருடங்கள் ஓடிவிட்டன. ஒவ்வொரு நவராத்திரிக்கும் பேனாவை எடுப்பேன். நாலு வரி போவதற்குள் கை நின்றுவிடும். நான் அதிகம் படித்தவன் அல்ல. ஆனால் தயக்கத்துக்குக் காரணம் அது அல்ல. எங்கள் வீட்டு அலமாரியின் மேல், பழைய வேட்டித் துணியில் சுற்றி, ஒரு பித்தளைத் தாம்பாளம் இருக்கிறது. என் மனைவி கல்யாணத்துக்குக் கொண்டுவந்த தாம்பாளம். அதன் விளிம்பு மடிப்பில் அரிசித் தூசி படிந்து ஒரு வெள்ளைக் கோடு விழுந்திருக்கிறது. புளி போட்டுத் தேய்த்தாலும் போகவில்லை. அதைப் பார்த்தால் எங்கள் பள்ளிக்கூடத்தை நடத்திய பெரிய டீச்சர் கண் முன்னால் வந்து நிற்பார். பேனாவை மூடிவிட்டு, கை கால் கழுவிக்கொண்டு, சாமி படத்தின் முன் போய் உட்கார்ந்துவிடுவேன்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஃபேரர் பார்க் பக்கம் வீடு வீடாகப் பால் ஊற்றிக்கொண்டிருந்தேன். மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் நகராட்சித் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். ஒரு குடும்பத்துக்கு ஒரு அறை. வீட்டில் தமிழ், சந்தையில் மலாய், துரையிடம் தெரிந்த நாலு இங்கிலீஷ் வார்த்தை. இப்படித்தான் அங்கே எல்லாருடைய பிழைப்பும். பிள்ளைகள் நாள் முழுக்கக் கால்வாய் ஓரத்தில் மீன் பிடித்துக்கொண்டிருக்கும். பெரிய டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர். தம் வீடு இருந்த காத்தோங்கிலிருந்து பஸ் பிடித்து வருவார். ஒரு நாள் காலை என் சைக்கிளை மறித்து, "அண்ணை, இந்த வீடுகளில எத்தனை பிள்ளையள் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?" என்று கேட்டார். "எந்த வீட்டுக்கு எவ்வளவு பால்னு தெரியும் டீச்சர், பிள்ளைங்க கணக்கு தெரியாதே" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "எங்கை பால் கூடப் போகுதோ அங்கைதானே பிள்ளையள் கூட. அந்த வீடுகளைச் சொல்லுங்கோ, மிச்சத்தை நான் பாக்கிறன்" என்றார். பள்ளிக்கூடம் அந்த இடத்தில்தான் தொடங்கியது என்று நான் சொல்வேன்.

கட்டடம் என்று ஒன்றும் பெரிதாக இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஆட்கள் துறைமுகத்துப் பெட்டிப் பலகையும் பழைய தகரமும் கொண்டுவந்து அடித்தார்கள். மழை பெய்தால் தகரச் சத்தத்தில் டீச்சர் பேசுவது கேட்காது. அதனால் மழை வந்தால் கணக்குப் பாடம் என்று வைத்துவிட்டார். வானம் கறுத்ததும் பிள்ளைகள் தாமாகவே சிலேட்டை எடுத்துவிடுவார்கள். கால்வாய் பொங்கி உள்ளே தண்ணீர் வந்த நாளில், முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, வருகைப் பதிவேட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். நாற்காலி மிதந்து போனதை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

காலையில் தமிழ், இடைவேளைக்குப் பிறகு இங்கிலீஷ். அதற்கு முதலில் எதிர்ப்பு இருந்தது. வரிசை வீடுகளில் மூத்தவர் ஒருவர் எல்லார் முன்னாலும் கேலி பேசினார்: "மாடு மேய்க்கிறவன் மகனுக்கு எதுக்கு டீச்சர் இங்கிலீஷ்? மாடு தமிழ்லதானே லா கத்துது!" சிரிப்பு அடங்கும்வரை டீச்சர் காத்திருந்தார். பிறகு, "மாடு என்ன பாஷையில கத்தினாலும் காரியமில்லை ஐயா. நீங்கள் மாசாமாசம் கைநாட்டு வைக்கிற கடதாசி என்ன பாஷையில இருக்கு?" என்று கேட்டார். அடுத்த வாரம் அந்த மூத்தவரே தம் இரண்டு பேரன்களையும் கூட்டிக்கொண்டு வந்தார். முதன்முதலில் ஆறாம் வகுப்புப் பரீட்சை எழுதிய பிள்ளைகள் அத்தனை பேரும் தேறினார்கள். நகராட்சியிலிருந்து வந்த கடிதத்தை ஒரு சின்னப் பெண் குழாயடியில் நின்று இங்கிலீஷில் வாசித்து, தமிழில் அர்த்தம் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த ஆண்களில் சிலர் கண்ணைத் துடைத்தார்கள். நானும் துடைத்தேன். ஒரு அறை மூன்று அறையானது.

எங்கள் பள்ளியில் சேருவதற்கு விண்ணப்பம் எதுவும் கிடையாது. விஜயதசமியன்று என் வீட்டுத் தாம்பாளத்தில் பச்சரிசி பரப்பி வைப்போம். அப்பாவோ அம்மாவோ பிள்ளையை மடியில் வைத்து, விரலைப் பிடித்து அரிசியில் 'அ' எழுத வைப்பார்கள். விரல் அரிசியை விட்டு எழுந்ததும் டீச்சர் பெயரைக் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்வார். ஜனவரியில் அந்தப் பிள்ளை முதல் வகுப்பில் உட்கார்ந்திருக்கும். சரஸ்வதி முன்னால் எழுதியதை யார் மாற்றுவார்கள்? பத்துப் பன்னிரண்டு வருடம் ஒரு பெயர்கூடத் தவறியதில்லை.

அறுபதுகளின் நடுவில் காலம் மாறிவிட்டது. என் மூத்தவன் அந்தப் பள்ளியில் நன்றாகப் படித்தவன். ஆபீஸ் பையன் வேலைக்குப் போனான். எந்த இங்கிலீஷ் ஸ்கூல் என்று கேட்டு, பதிலைக் கேட்டதும் அனுப்பிவிட்டார்களாம். மூன்று இடத்தில் இப்படி ஆயிற்று. அவன் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டான். என் மனைவி ஒரு வார்த்தைதான் சொன்னாள்: "ஊர்ப் பிள்ளைங்கள எல்லாம் நீங்க சேத்து விடுங்க. சின்னவள நான் பாத்துக்கிறேன்." அவள் சொன்னது போலவே கடைக்குட்டி மகளை இங்கிலீஷ் பள்ளியில் பதிந்துவிட்டு வந்தாள். நான் தடுக்கவில்லை. தடுக்க எனக்கு என்ன வாய் இருந்தது?

அந்த வருடம் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். பிள்ளைகள் குறைந்தால் முதல் வகுப்பு நடத்த முடியாது, வேறொரு பெரிய தமிழ்ப் பள்ளி உங்கள் பிள்ளைகளையும் ஆசிரியர்களையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளத் தயாராக இருக்கிறது, வருடக் கடைசிக்குள் சொல்லுங்கள் என்றார். "விஜயதசமி வரட்டும், சொல்லுறன்" என்றார் டீச்சர்.

விஜயதசமியன்று கூட்டம் தெருவரை நின்றது. நாற்பது பிள்ளைகளுக்கு மேல். டீச்சர் பட்டுப்புடவை கட்டியிருந்தார். அதற்கு முன் நான் பார்த்ததில்லை. ஆனால் எனக்குத் தெரியும். தினமும் அடுப்படி வரை போய்ப் பால் ஊற்றுகிறவன் நான். எத்தனை வீட்டுச் சுவரில் இங்கிலீஷ் பள்ளியில் இடம் கிடைத்த சீட்டு ஆணியில் தொங்கியது என்று பார்த்திருக்கிறேன். அவர்கள் யாரும் ஏமாற்ற வரவில்லை. எந்தப் பள்ளிக்குப் போனாலும் முதல் எழுத்தை அம்மன் முன்னால் எழுதட்டும் என்று வந்தார்கள். அவர்களுக்கு அது பூஜை; டீச்சருக்கு அது சேர்க்கை. இரண்டுக்கும் நடுவில் நின்று இரண்டையும் தெரிந்து வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். நான் வாயைத் திறந்தால், உங்கள் மகளை எந்தப் பள்ளியில் பதிந்தீர்கள் என்று முதலில் என்னைத்தான் கேட்பார்கள். என் முறை வந்தது. மகளை மடியில் வைத்து விரலைப் பிடித்தேன். டீச்சர் நோட்டிலிருந்து நிமிர்ந்து, "இவளின்ர பேரை நான் கேக்கத் தேவையில்லை" என்று சிரித்தபடி எழுதிக்கொண்டார். மறுநாளே அந்தப் பெரிய பள்ளிக்கு, வேண்டாம் என்று கடிதம் போட்டுவிட்டார்.

ஜனவரியில் முதல் வகுப்புக்கு ஒன்பது பிள்ளைகள் வந்தார்கள். பெஞ்சுகளுக்குப் புதிதாக வார்னிஷ் அடித்திருந்தது. டீச்சர் நோட்டைத் திறந்து ஒவ்வொரு பெயராக வாசித்தார். பதில் வராத பெயரை இரண்டாம் முறையும் வாசித்தார். என் மகள் பெயருக்கு நிறுத்தி, வாசலில் பால்கேனோடு நின்ற என்னைப் பார்த்தார். "காய்ச்சல் டீச்சர்" என்றேன். அந்த நேரம் அவள் இங்கிலீஷ் பள்ளியின் நீலக் கவுன் போட்டுக்கொண்டு அம்மாவின் கையைப் பிடித்துப் பஸ்ஸுக்கு நின்றிருந்தாள்.

ஒரு வாரம் கழித்து, காய்ச்சல் பிள்ளையைப் பார்க்க டீச்சர் ஆரஞ்சுப் பழப் பையோடு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். மகள் பள்ளிக்கூடம் விட்டு அதே நீலக் கவுனில் மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தாள். நான் எழுந்து நின்றேன். டீச்சர் அவளிடம் குனிந்து காலரைச் சரி செய்துவிட்டு, "உடுப்பு நல்லாய்ப் பொருந்தியிருக்கு பிள்ளை. கவனமாய்ப் படி" என்றார். பழங்களை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அவர் என்னைத் திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

முதல் வகுப்பு நடக்கவில்லை. மற்ற வகுப்புகளும் ஒவ்வொன்றாகக் கரைந்தன. அந்தப் பெரிய பள்ளியில் இடம் முடிந்துவிட்டது. இரண்டு ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள். சில பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கும் போகாமலே நின்றுவிட்டார்கள், மறுபடியும் கால்வாய் ஓரத்தில் அவர்களைப் பார்த்தேன். கதவைப் பூட்டிய அன்று டீச்சர் தாம்பாளத்தைக் கழுவித் துடைத்து என்னிடம் கொடுத்தார். "உங்கட வீட்டுச் சாமான், அண்ணை." அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது. உண்மையைச் சொல்லக் காத்தோங் வரை இரண்டு முறை போனேன். பிள்ளையார் கோயிலில் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். மூன்றாம் முறை போனபோது அந்த வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள். அவர் இறந்த செய்தியைப் பிறகு கேள்விப்பட்டேன்.

இப்போது புக்கிட் பாஞ்சாங்கில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். மகள் நன்றாகப் படித்து நல்ல நிலையில் இருக்கிறாள். அதற்கு ஆண்டவனுக்கு நன்றி சொல்லவும் எனக்குக் கூசுகிறது. போன வாரம் அவள், "அப்பா, பிள்ளைக்கு எழுத்து ஆரம்பிக்கணும், அந்தத் தாம்பாளத்தக் குடுங்களேன். நானும் அதுலதானே எழுதினேன்?" என்று கேட்டாள். அலமாரி மேலிருந்து எடுத்துத் துணியைப் பிரித்தேன். வெள்ளைக் கோடு அப்படியே இருந்தது. கொடுக்க முடியவில்லை, விளிம்பு விரிசல் விட்டிருக்கிறது என்று பொய் சொன்னேன். அவளிடமும் ஒரு பொய்.

இதைப் படிக்கிறவர்கள் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது, காலம் மாறியது, பள்ளி தானாக மூடிக்கொண்டது என்று எனக்காகச் சுருக்கிவிடாதீர்கள். ஏழைச் சனங்களுக்காக ஒரு பெண்மணி நல்ல பள்ளிக்கூடம் நடத்தினார், அவர் எங்களை நம்பினார் என்று சொல்லுங்கள். பால்காரனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது, தெரிந்தே மகளின் விரலைப் பிடித்து அரிசியில் எழுதினான் என்பதையும் ஒரு சொல் குறைக்காமல் சொல்லுங்கள்.