மளிகைக்கடையில் அமெரிக்க இலக்கியம்

அரியர்ங்கிறது கால்ல தச்ச முள்ளு. எடுக்காம நடக்க முடியாது. அரியர் வச்சிருக்கிற புண்ணியவான்களே, நம்ம பாட்டைத்தான் சொல்லுதேன்.

எம்.ஏ. இங்கிலீஷ்ல மத்ததெல்லாம் பாஸ். அமெரிக்க இலக்கியம் மட்டும் ரெண்டு தடவை காலை வாரிருச்சு. அது முடிஞ்சாத்தான் டீச்சர் வேலைக்குப் போக முடியும். படிப்பெல்லாம் தூத்துக்குடியில எங்க மாமனார் கடைக் கல்லாவுலதான். அவரு கறாரா சொல்லிட்டாரு: "இந்தத் தடவையோட சரி. பொறவு புஸ்தகத்தை மூடிட்டுக் கடையைப் பாரு."

சிபாரிசு

ஹார்பர்ல லாரி ஓட்டுத அண்ணாச்சி ஒருத்தர், சீனி வாங்க வந்தவரு என் புஸ்தக அட்டையில 'அமெரிக்கன்'னு இருந்ததைப் பாத்துட்டாரு. மகனுக்கு அமெரிக்கா விசா கெடைக்கலியாம், நான் ஒரு வார்த்தை சொல்லணுமாம். "அண்ணாச்சி, நான் மதுரையையே தாண்டினதில்ல"ன்னேன். மனுசன் மூஞ்சி சுருங்கிப்போச்சு.

"விருப்பம் இல்லன்னா நேரா சொல்லிருங்க தாயி."

கைடு

பாடத்துல இருக்க நாவல்ல ஒரு விதவை. ரயில் கம்பெனிக்காரன் அவ நிலத்தைக் கேக்கான், தர மாட்டேங்கா. ஏன் தர மாட்டேங்கான்னு, தபால்ல படிக்கிறவங்களுக்கு நடத்துத ஞாயித்துக்கிழமை வகுப்புல எந்திரிச்சுக் கேட்டேன். வகுப்பே திரும்பிப் பாத்துச்சு. சார் கண்ணாடியக் கழட்டிட்டு, நெசமாவே கவலையோட கேட்டாரு:

"ஏம்மா, நாவலையா படிச்சே? கைடு கெடைக்கலியா?"

எனக்கு வந்துச்சே ஒரு கோவம்! கைடைத் தொடுறதில்லன்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்.

துவரம்பருப்பும் விதவையும்

மனசுல நிக்கணுமேன்னு, பருப்பை நிறுத்துக்கிட்டே வாரவங்களுக்கெல்லாம் கதையச் சொல்லுவேன். "சாமான் வாங்க வாராகளா, கதை கேக்க வாராகளா?"ன்னு மாமா சத்தம் போடுவாரு. பக்கத்துத் தெரு ரோஸி அக்கா ரெண்டு நாளா வரல. வந்ததும் வராததுமா, "அவ நிலத்தைக் குடுத்தாளா இல்லியா?"ன்னு கேட்டா. நான் வாயத் தெறக்குமுன்ன, அரிசி மூட்டைக்குப் பின்னால இருந்து மாமா குரல் வருது:

"குடுக்கல. கோர்ட்டுக்குப் போயிட்டா. நேத்தே சொன்னாளே."

ரிசல்ட்

போன்ல பாத்தேன். ரெண்டு மார்க்குல போச்சு. வெங்காய மூட்டை பக்கத்துல நின்னு அழுதேன். யாரும் கேட்டா வெங்காயம்னு சொல்லிக்கிடலாம்ல. அழுது முடிச்சு, மூஞ்சியக் கழுவிட்டு நேரா மாமாகிட்ட போனேன்.

"மாமா, நான் மறுபடியும் எழுதுவேன். நாவலைத்தான் படிப்பேன். நீங்க வேண்டாம்னாலும் எழுதுவேன்."

அவரு பொட்டலம் கட்டுததை நிறுத்தல. நிமிந்தும் பாக்கல.

"வேண்டாம்னு எவம்ளா சொன்னது? போயி பரீட்சைக்குப் பணத்தைக் கட்டு. கல்லாவுல நான் உக்காந்துக்கிடுதேன்."

ஆக, அமெரிக்க இலக்கியத்துக்கு அறிவு கையளவு இருந்தாப் போதும், பிடிவாதந்தான் மூட்டைக்கணக்குல வேணும்.