வெடித்த பானை யாருடையது

நூமுபுகுவில் ஆண்கள் இரும்படிப்பார்கள், பெண்கள் பானை வனைவார்கள். அந்தக் கொல்லன் வீட்டுப் பெண்கள் யாருக்கும் சொந்தமாகச் சூளை கிடையாது. சூளை என்ற ஒன்றே கிடையாது. ஊருக்கு வெளியே ஜோலிபா ஆற்றங்கரையில் கருகிக் கிடக்கும் ஒரு பொட்டல், அவ்வளவுதான். சனிக்கிழமை மதியம் தாண்டியதும் ஆளாளுக்குத் தங்கள் பச்சைப் பானைகளைச் சுமந்துவந்து ஒன்றாக அடுக்குவார்கள். அடியில் விறகு, மேலே பழைய ஓடுகள், அதற்கும் மேலே காய்ந்த புல் மலைபோல. எல்லாருக்கும் சேர்த்து ஒரே நெருப்பு. வெந்த பானைகளைச் சூடு ஆறுமுன் மரப்பட்டை ஊறிய தண்ணீர் தெளித்துக் கறுக்கவைப்பார்கள். அவை திங்கட்கிழமை படகேறி அக்கரையில் சேகு சந்தைக்குப் போய்விடும்.

அந்த நெருப்புக்கு ஒரே ஒரு சட்டம். உள்ளே பானை வெடித்தால் அது யாருடையது என்று யாரும் கேட்கக் கூடாது. சரியாகக் காயாத பானை ஒன்று வெடித்தால், அக்கம்பக்கத்துப் பானைகளையும் கூட்டிக்கொண்டுதான் போகும். யாருடையது என்று கேட்க ஆரம்பித்தால் அப்புறம் ஊரில் சோறு பொங்கவா நேரமிருக்கும்? ஆளுக்கொரு அடையாளம் பானைக் கழுத்தில் உண்டு. அது முழுப் பானையைப் பிரித்துக்கொள்ள. உடைந்ததில் அடையாளம் பார்ப்பது இல்லை. "நெருப்பு தின்னுடுச்சு" என்று சொல்லி ஓடுகளை ஒதுக்கிவிட்டுப் போவார்கள்.

நியெலே பார்த்துவிட்டாள்.

அவள் கெட்டவள் இல்லை. கை சுத்தம், மனசும் சுத்தம். வாய்தான் அவளுக்கு நாலடி முன்னால் ஓடும். அன்றைக்கு ஆத்திரப்படக் காரணமும் இருந்தது. மகள் தெனேவை மழைக்கு முன்னால் புருஷன் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். பெண்ணோடு தாய் கைப்பட வனைந்த இரண்டு தண்ணீர் மொடாக்கள் போயாக வேண்டும். வெறுங்கையோடு வரும் கொல்லன் வீட்டுப் பெண்ணை மாமியார்க்காரி ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவாள். அந்த இரண்டு மொடாக்களும் சாம்பலுக்குள் துண்டு துண்டாகக் கிடந்தன. நியெலே கிளறினாள். உள்பக்கம் செதில் செதிலாகப் பெயர்ந்த ஓடு ஒன்று அகப்பட்டது. வெடித்தது அதுதான். துடைத்துத் திருப்பிப் பார்த்தாள். நகத்தால் குத்திய பிறைகள். அவளுடைய ஓரகத்தி வாசாவின் அடையாளம்.

"பாருங்கடி, எல்லாரும் நல்லா பாருங்க! காய வைக்கத் தெரியாதவளெல்லாம் பானை செய்யலேன்னு யாரு அழுதா?"

வாசா குனிந்து ஓடுகளை ஒதுக்கினாள். மற்றவர்கள் ஆற்றைப் பார்த்தார்கள். ஆற்றில் அப்போது பார்க்க ஒன்றுமே இல்லை.

அதற்கடுத்த சனிக்கிழமை நியெலே கூடையோடு பொட்டலுக்கு வந்தபோது யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. முகமன் விசாரிக்காமல் விட இந்த ஊரில் ஒருத்திக்கும் துணிச்சல் கிடையாது.

"சமாதானமா விடிஞ்சுதா, நியெலே?"

"சமாதானந்தான்."

"புள்ளைங்க?"

"சமாதானம்."

"ஆடு போட்ட குட்டி?"

"அதுவும் சமாதானம். என் பானைய எங்க வைக்கட்டும்?"

"அய்யய்யோ, இந்த வாரம் எடமே இல்லையேம்மா."

அடுத்த வாரமும் இடம் இல்லை. அதற்கடுத்த வாரமும். பானை அடுக்கிய குவியலில் ஒரு மாட்டையே நிறுத்தலாம், அவ்வளவு இடம்.

வீட்டிலும் இதே கதைதான். அண்ணன் தம்பி இருவரும் ஒரே முற்றத்தில் குடியிருக்கிறார்கள். ஓரகத்திகள் ஒரே உரலில் மாறி மாறிக் கம்பு குத்துகிறார்கள். காலையில் "சமாதானமா?" என்பாள் வாசா. "சமாதானம்" என்பாள் நியெலே. பிறகு உலக்கைச் சத்தம் மட்டும்தான்.

"போயி ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்டா கொறஞ்சா போயிருவ?" என்றான் புருஷன்.

"என்னன்னு கேக்குறது? நான் பொய்யா சொன்னேன்?"

அதுதான் சிக்கல். பொய் சொல்லியிருந்தால் மன்னிப்புக் கேட்பது சுலபம். அவள் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. அந்த உண்மையைத்தான் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

ரோஷத்தில் கொல்லைப்புறத்தில் தனியாக மூட்டிப் பார்த்தாள். தனி மரம் தோப்பாகுமா? நாலைந்து பானைகளுக்குள் சூடு நிற்கவில்லை. காற்று புல்லை ஒரு பக்கமாக வாரிக்கொண்டு போயிற்று. மறுநாள் தண்ணீர் ஊற்றினால் பானை வேர்த்தது, அடி கரைந்து சேறாகக் கையோடு வந்தது. தெனே அதைப் பார்த்தாள். துடைப்பத்தை எடுத்துக் கூட்டிவிட்டாள். அன்றைக்கு நியெலேவுக்குக் களி இறங்கவில்லை.

மறுபடி இரண்டு மொடா வனைந்தாள். இந்த முறை பொறுமை இல்லை. கிழக்கே மேகம் கூடிக்கொண்டிருந்தது. மழை விழுந்துவிட்டால் பொட்டலில் நெருப்பு கிடையாது, தெனே வெறுங்கையோடுதான் போவாள். சனிக்கிழமை வந்தது. மொடாக்களைப் பொட்டலின் ஓரமாக, மற்றவர்கள் குவியலுக்கு எட்டத்தில் இறக்கிவைத்துத் தானே விறகு அடுக்க ஆரம்பித்தாள்.

அப்போதுதான் சம்பா புல்வண்டியோடு வந்தான். சம்பா ஃபுலானி சாதிக்காரன், மாடு மேய்க்கிறவன். சனிக்கிழமைகளில் கழுதை வண்டியில் புல் கொண்டுவந்து பெண்களிடம் விற்பான். ஃபுலானிக்கும் கொல்லர்களுக்கும் பரம்பரையாகக் கேலி முறை. அடிமை என்பார்கள், ஆண்டான் என்பார்கள், ஒருவரை ஒருவர் என்ன ஏச்சும் ஏசலாம். கோபித்துக்கொண்டவர்தான் தோற்றவர். கேலி முறைக்காரன் நாலு பேர் முன்னால் ஒன்று கேட்டுவிட்டால் மறுக்கவும் முடியாது.

"ஏ தட்டப்பயறு தின்னி! என்னடி தனியா அடுக்குற? ஊருக்கே பயறு அவிக்கப் போறியா?"

"போடா மாட்டுவாலு! உங்கப்பனுக்கும் சேத்துத்தான் அவிக்கிறேன்."

சொல்லிவிட்டாளே தவிர, பாதியில் குரல் உடைந்துவிட்டது. சம்பா அவளைப் பார்த்தான், தூரத்துக் குவியலைப் பார்த்தான். விஷயம் ஏற்கெனவே அவன் காதுக்கும் வந்திருந்தது. வண்டியை ஓட்டிக்கொண்டு பெண்களிடம் போனான்.

"இன்னைக்குப் புல்லு எறங்காது."

"ஏன்டா, கழுதைக்குப் பசியா?"

"அங்க நிக்கிறவ என் அடிமை. என் அடிமை பானை வெளிய கெடக்க, என் புல்லு உள்ள எரியுமா? எங்க சாதி மானம் என்ன ஆவறது?"

"மோருல பாதி தண்ணி ஊத்தி விக்கிறவனுக்கு மானம் வேற இருக்காம்டி!"

எல்லாரும் சிரித்தார்கள். சம்பா புல்லின் மேலேறி மல்லாந்து படுத்துத் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டான். "எடம் ஒதுக்கினதும் எழுப்புங்க."

சிரிப்பு அடங்கியது. பெண்கள் வாசாவைப் பார்த்தார்கள். வயதில் மூத்தவள், சொல்லடி பட்டவளும் அவள்தான். வாசா கிழக்கே வானத்தைப் பார்த்தாள். மேகம் இன்னும் கறுத்திருந்தது.

"எந்திரிடா, சாணி பொறுக்கி" என்றாள் சம்பாவிடம். "அடியில எடம் கெடக்கு. மொடாவெல்லாம் அடியிலதான் வைக்கணும்."

நியெலே பக்கம் அவள் திரும்பவில்லை. ஆனால் மொடாக்களைத் தூக்கிவர இரண்டு பெண்கள் எழுந்து வந்தார்கள்.

நெருப்பு ஏறியது. புல் சடசடத்து அடங்கி, குவியல் உள்ளுக்குள் கனலத் தொடங்கியபோது, 'டொம்' என்று ஒரு சத்தம். யாரும் தலை தூக்கவில்லை. பேச்சுகூட நிற்கவில்லை. நியெலே மட்டும் குவியலைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டாவது மொடாவின் அடி கனம். இன்னும் ஒரு நாள் வெயிலில் வைத்திருக்க வேண்டும். அவளுக்குத் தெரியும்.

பொழுது சாயும்போது நீளத் துறட்டிகளால் பானைகளை இழுத்தார்கள். ஒரு மொடா முழுசாக, பழுக்கச் சிவந்து வந்தது. இன்னொன்று வரவில்லை. அதற்குப் பக்கத்தில் வாசா வரிசையாக அடுக்கியிருந்த அவிக்கிற சட்டிகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. சாம்பல் மேல் பெரிய ஓடு ஒன்று, உள்பக்கம் செதில் பெயர்ந்து, அடையாளம் வெளியே தெரியக் கிடந்தது. மீன்முள் கோடு. நியெலேவின் கோடு. எல்லாரும் பார்த்தார்கள். பார்த்துவிட்டு எல்லாரும் ஆற்றைப் பார்த்தார்கள்.

நியெலே துறட்டியைக் கீழே போட்டாள். வாசாவின் பக்கம் போனாள். தானே சொல்லிவிடுவதுதான் நியாயம் என்று பட்டது.

"அக்கா... அது வந்து... அது என்னோட..."

"யாரு கேட்டா உன்ன?"

முகமனைத் தவிர இத்தனை வாரத்தில் வாசா அவளிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். துறட்டியை நீட்டி அந்த ஓட்டைக் குப்புறப் புரட்டினாள். அப்படியே இழுத்துக்கொண்டுபோய்ப் பழைய ஓடுகளின் குவியலில் சேர்த்தாள்.

"நல்ல பெரிய ஓடு. அடுத்த சனிக்கெழம இன்னொரு மொடா வைப்பல்ல, அதுக்கு மூட ஆவும்."

நியெலே நின்ற இடத்திலேயே நின்றாள்.

"என்னடி மரமாட்டம் நிக்கிற? தெனேவோட மொடா ஆறிப்போவுது. பட்டைத் தண்ணிய எடுத்துட்டு வா."

நியெலே ஓடினாள்.