சுருட்டு மேளம்

தண்ணீர் பிடித்து வைக்க நிவாரணத்தில் கொடுத்த நீல பிளாஸ்டிக் டிரம் அது. பிரேசிலில் இருந்து உதவிக்கு வந்திருந்த ஒரு பெண் அதைக் கவிழ்த்துப் போட்டு, துணி சுற்றிய குச்சியால் ஓங்கி ஒரு அடி அடித்தாள். தார் ஷீட் கொட்டகைக்குள் இருந்த கோழியெல்லாம் அலறிக்கொண்டு வெளியே ஓடின. சுனாமி வந்து ஒரு வருஷம் கழித்து, கடலூர்க் கரையில் எங்கள் குப்பத்துப் பெண்கள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

அவள் ஊரிலும் இப்படிக் குடிசைகள்தானாம். குப்பத்துக்குக் குப்பம் ஒரு மேள செட்டு. வருஷமெல்லாம் பழகி, திருவிழாவில் எங்கள் ஊர்தான் உசத்தி என்று அடித்துக்கொண்டே தெருவில் இறங்குவார்களாம். மழையில் வீடு சரிந்த வருஷமும் மேளம் நிற்காதாம். கூட வந்த தமிழ்ப் பெண்தான் இதையெல்லாம் எடுத்துச் சொன்னாள். பெரிய மேளத்துக்கு அவர்கள் பாஷையில் 'சுர்து' என்று பெயர். எங்கள் காதில் அது சுருட்டு என்றுதான் விழுந்தது. "இன்னைக்கு யாரு சுருட்டு அடிக்கிறது?" என்று நாங்கள் கேட்டுக்கொள்ள, வலைக் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்த ஆண்கள் திகைத்துப்போனார்கள். "மொதல்ல பீடியில ஆரம்பிங்கடி" என்றார் என் வீட்டுக்காரர்.

சுருட்டு இரண்டு. ஒன்று கேட்கும், மற்றது பதில் சொல்லும். கேட்பது நான். பதில் என் நாத்தனார். அலையில் புருஷனைப் பறிகொடுத்தவள்; அதிலிருந்து நாலு வார்த்தை சேர்த்துப் பேசாதவள். குச்சியை வாங்கியதும், "என்னா அண்ணி, சோறு திங்கலையா? ஓங்கிக் கேளு!" என்று என்னையே அதட்டினாள்.

மாசி மகத்தில் எங்கள் அம்மனைக் கடலுக்கு அழைத்துப் போகும்போது முன்னால் நாங்கள் அடித்துப் போவதாக ஏற்பாடு. ஊர்ப் பஞ்சாயத்துக்குத் தலைவரான நாட்டார் வந்து தலையைச் சொறிந்தார். "தாலி இல்லாதவ அம்மனுக்கு முன்னாடி வரக்கூடாதும்மா. பின்னாடி வரட்டும், நான் வேணாங்கல." நாங்கள் எவ்வளவோ மல்லுக்கு நின்றோம்.

"அலை மட்டும் அம்மனுக்கு முன்னாடியே வந்துச்சே மாமா, அதக் கேட்டீங்களா?" என்றாள் நாத்தனார். அப்போதும் அவர் இறங்கி வரவில்லை.

"கேக்குறவ முன்னாடி, பதில் பின்னாடியா? நான் வரல. நீங்கல்லாம் போங்க அண்ணி, நான் இங்கேருந்தே அடிக்கிறேன்."

அப்படியே செய்தாள். நான் கேட்பேன், கொட்டகைப் பக்கமிருந்து பதில் வரும். மணலில் இறங்கும்வரை கேட்டது. அப்புறம் மற்ற ஊர்ச் சாமிகளோடு வந்த மைக் செட்டும் வெடியும் அதை முழுங்கிவிட்டன. திரும்பி வந்தபோது அவள் கையெல்லாம் கொப்புளம். "கடைசி வரைக்கும் கேட்டுச்சா?" என்றாள். கேட்டுச்சு என்றோம்.

அடுத்த மாசிக்குள் நாட்டாரே மனசு மாறி, "எல்லாரும் முன்னாடியே வாங்க" என்று சொல்லிவிட்டார். அதற்கு முன்பே நாத்தனாரை அவள் மகள் குமராட்சிப் பக்கம் அழைத்துப் போய்விட்டாள். கடலே கண்ணில் படாத ஊர், நடவுக்குப் போகிறாளாம். எத்தனையோ தடவை சொல்லி அனுப்பினோம், வரவில்லை.

அவள் இடத்தில் வேறு ஆளை நிறுத்த எங்களுக்கு மனசில்லை. நான் கேட்டு முடித்ததும் ஒரு அடி நேரம் எல்லாரும் சும்மா நிற்போம், பிறகுதான் மேளம் தொடரும். புதிதாகச் சேர்ந்த பெண்களுக்கு இந்தக் கதை தெரியாது. "பிரேசில்ல அப்பிடித்தான் அடிப்பாங்களாம்" என்று வெளியூர்க்காரர்களிடம் பெருமையாகச் சொல்கிறார்கள்.