நட்சத்திரம் மாட்டிய துக்க வீடு: எண்ணூருக்கு ஒரு கிறிஸ்துமஸ் பயணம்

இந்த வருஷம் கிறிஸ்துமஸ் அன்று நான் இராயபுரத்திலிருந்து எண்ணூருக்குப் போய்த் திரும்பினேன். கடல் பார்க்கவோ கழிமுகத்தில் படகு ஏறவோ போகவில்லை. ஒரு தட்டு பலகாரம் கொடுக்கப் போனேன். வடக்கே கடலோரமாக ஒருநாள் போய்வர நினைப்பவர்களுக்கு வழியும் செலவும் பயன்படும் என்று எழுத உட்கார்ந்தேன். ஆனால் வழியையும் செலவையும் மட்டும் எழுத முடியவில்லை.

தட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்துக் கத்தோலிக்க வீடுகளில் ஒரு சாவு நடந்தால், வருஷம் திரும்பும்வரை அந்த வீட்டு வாசலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் ஏறாது. எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறாது. உறவும் அக்கம்பக்கமும்தான் பலகாரம் கொண்டுபோவார்கள். சாதாரண நாளில் தட்டைத் திருப்பும்போது இரண்டு வாழைப்பழமாவது வைத்துத் திருப்புவது மரியாதை. துக்க வீட்டிலிருந்து மட்டும் தட்டு வெறுமனே வர வேண்டும். இந்துக்களும் முஸ்லிம்களும்கூட எங்கள் தெருவில் இதை அறிவார்கள்.

என் பெரியம்மா மகள் பிலோமினா அக்காவின் கணவர் எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தார். கம்பெனி பெயர் வேண்டாம். ஆடி மாதம் கொதிகலன் பக்கம் நடந்த விபத்தில் இறந்துபோனார். அக்காவும் நாலு வயது ரோசியும் கம்பெனி குவார்ட்டர்ஸிலேயே இருக்கிறார்கள். ஜனவரியில் கேன்டீனில் அக்காவுக்கு வேலை போட்டுத் தருவதாகவும், அதுவரை வீட்டைக் காலி செய்ய வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார்கள். எல்லாம் வாய்வார்த்தைதான். அந்த வேலை கிடைக்காவிட்டால் வீடும் போய்விடும்.

காலைப் பூசை முடிந்து ஏழரை மணிக்குக் கோயிலைவிட்டு வெளியே வந்தேன். பிரசங்கம் மாட்டுத்தொழுவத்தின் ஏழ்மையைப் பற்றியது. முடிந்ததும், குடிலுக்கு உபயம் செய்த ஜவுளிக்கடையின் பெயரை இரண்டுமுறை வாசித்தார்கள். முதல்முறை ஒலிபெருக்கி கரகரத்துவிட்டதாம். பஸ் பிடிக்க வண்ணாரப்பேட்டைப் பக்கம் நடந்தபோது அந்தக் கடையையும் பார்த்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் அங்கேயும் ஒரு குடில். மரியாளுக்குப் பட்டுப்புடவை, சூசையப்பருக்கு டெரிலின் சட்டை. வைக்கோலில் கிடந்த பாலன் யேசுவின் கழுத்தில் விலைச்சீட்டு தொங்கியது. போன வருஷம் வாங்கிய புடவையையே துவைத்துக் கட்டிக்கொண்டு, என்னை பஸ் ஏற்றிவிட வந்த என் அம்மா அந்தக் கடைக்கு முன்னால் சிலுவை போட்டுக்கொண்டாள். குடிலைக் கண்டால் போடத்தானே வேண்டும்.

எண்ணூர் பஸ்ஸுக்கு முப்பத்தைந்து காசு. ஏறக்குறைய ஒன்பது மைல், ஒரு மணி நேரம் ஆகும். வலது பக்க ஜன்னல் கிடைத்தால் கடல் தெரியும். காலையில் வெயிலும் அந்தப் பக்கம்தான். நான் துணியால் கட்டிய தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"இன்னாமே, மூட்டை வாசனை தூக்குது? ஒரு முறுக்க இப்டி தள்ளு, டிக்கெட்ட சிரிச்சிகினே கியிச்சுத் தரேன்" என்றார் கண்டக்டர்.

எனக்கு முன்பின் தெரியாதவர்களோடு பேச வராது. அலுவலகத்திலும் தட்டச்சு இயந்திரத்துக்குப் பின்னால்தான் என் பேச்செல்லாம். "துக்க வீட்டுக்கு" என்று மட்டும் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. என் காலருகே இருந்த மீன்கூடையைக் குனிந்து அவரே நகர்த்தி இடம் பண்ணிக் கொடுத்தார். அப்புறம் அந்தப் பக்கமே கேலி வரவில்லை.

முன் சீட்டில் ஒரு பாய் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். விரலில் தையல்காரர்கள் போடும் உறை இன்னும் இருந்தது. இந்த வருஷம் ரம்ஜான் நோன்பும் மார்கழியும் கிறிஸ்துமஸும் ஒன்றாக வந்திருக்கின்றன.

"பாய்! திருவொற்றியூரு வந்துச்சு. எய்ந்திரு. வூட்டுக்குப் போயி தூங்கு" என்று கண்டக்டர் அவர் தோளைத் தட்டினார்.

"வூட்டப் பாத்து ரெண்டு நாளாச்சு நைனா. நோன்பு வாயோட உங்க யேசுவுக்குப் பட்டன் கட்டிக்கினு கீறேன்."

"எங்க யேசுவா? நான் பெருமாள் பக்தன்யா! எறங்கு, எறங்கு."

பஸ்ஸே சிரித்தது. கீழே கோயில் பக்கமிருந்து மார்கழி பஜனை ஒலிபெருக்கியில் வந்துகொண்டிருந்தது. அதற்கு எதிரே ஒரு ரொட்டிக்கடை தன் ஒலிபெருக்கியில் கிறிஸ்துமஸ் பாட்டைப் போட்டு கேக் விற்றது. இரண்டில் எது உரக்கக் கேட்டது என்றால் ரொட்டிக்கடைதான்.

திருவொற்றியூர் தாண்டினால் சாலைக்கும் கடலுக்கும் இடையே அதிக மணல் இல்லை. அலை அரித்த இடத்தில் பாதிச் சுவரோடு சில வீடுகள் நிற்கின்றன. அடுத்துத் தொழிற்சாலைச் சுவர்கள். எண்ணூரில் இறங்கி, உப்பளத்துக்குப் போகும் மண்பாதையில் ஒரு மைல் நடந்தால் குவார்ட்டர்ஸ். ரிக்‌ஷாக்காரர் இரண்டு ரூபாய் கேட்டார். பேரம் பேசக் கூச்சப்பட்டு நடந்துவிட்டேன். நீங்கள் பேசுங்கள், முக்கால் ரூபாய்க்கு வருவார்.

குவார்ட்டர்ஸில் எதிரெதிராக இரண்டு வரிசை வீடுகள். ஒவ்வொரு வாசலிலும் சிவப்புக் காகித நட்சத்திரம். எல்லாம் ஒரே அளவு. நடுவில் ஒரு தேயிலைக் கம்பெனியின் பெயர் அச்சடித்திருந்தது. கிறிஸ்தவ வீடுகள் அங்கே ஆறோ ஏழோதான். பூசணிப்பூ வைத்த மார்கழிக் கோலத்துக்கு மேலே நட்சத்திரம். பச்சைத் திரை போட்ட முஸ்லிம் வீட்டு வாசலிலும் நட்சத்திரம். நானும் கிறிஸ்தவள். அழகாக இருக்கிறது என்றுதான் முதலில் தோன்றியது. எல்லோரும் எங்கள் பண்டிகையைக் கொண்டாடுகிறார்கள் என்று ஒரு கர்வம்கூட வந்தது. கடைசி வீட்டுக்குப் போகும்வரைதான் அந்தக் கர்வம்.

கடைசி வீடு அக்காவுடையது. அங்கேயும் நட்சத்திரம் தொங்கியது.

வாசற்படியில் அப்படியே நின்றுவிட்டேன். அக்கா வெளியே வந்தாள். பழைய வெள்ளைச் சேலை. என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, "உள்ள வாடி லூர்து, வாசல்ல நிக்காத" என்றாள்.

தட்டை வாங்கி வைத்துவிட்டுச் சொன்னாள். "மத்த வூட்டுக்கெல்லாம் கம்பெனில போன வாரமே நட்சத்திரம் குடுத்துட்டாங்க. துக்க வூடாச்சே, நம்மள வுட்ருவாங்கன்னு இருந்தேன். எல்லாரும் அப்டித்தான் நெனச்சாங்க. நேத்து சாய்ங்காலம் வெல்பேர் ஆபீசரு ஏணியோட ஆள இட்டுகினு வந்தாரு. சார், வருஷம் திரும்பலைன்னேன். 'நாளைக்கு டைரக்டர் அலங்காரம் பார்த்துப் பரிசு கொடுக்க வரார். வரிசையில ஒரு வீடு மட்டும் மொட்டையா இருந்தா டைரக்டர் என்னம்மா நினைப்பார்? ஜனவரியில உன் பேப்பர் அவர் மேஜைக்குத்தானே போகணும்'னாரு. அதட்டல, ஒண்ணுமில்ல. சிரிச்சிகினேதான் சொன்னாரு."

"நீ பக்கத்துல யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே அக்கா."

"சொன்னா அவரு காதுக்குப் போவாதா?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "காலைலேர்ந்து ஒரு வூட்லேர்ந்தும் தட்டு வரலடி. ஒருத்தரும் எட்டிப் பாக்கல. நானே ஆசப்பட்டு மாட்டிகினேன்னு நெனச்சிட்டாங்க. பலகாரம் யாருக்கு வேணும்? அவர மறந்துட்டேன்னு நெனக்கிறாங்களே, அத்த சொல்லு."

மதியம்வரை அவள் கண் வாசலிலேயே இருந்தது. ரோசிக்கு மட்டும் நட்சத்திரம் பிடித்திருந்தது. அப்பா இருந்தால் இதைவிடப் பெரிதாகக் கட்டுவார் என்று என்னிடம் சொன்னாள்.

எதிர் வீட்டு முனியம்மா தன் கோலத்தில் காற்று கலைத்த மூலையைச் சரிசெய்துகொண்டே பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவது கேட்டது. "கீழ கோலம் கீது, மேல நட்சத்திரம் கீது. எந்த சாமி வந்தாலும் எங்க வூட்டு அட்ரஸ் தப்பாது!" இருவரும் சிரித்தார்கள். பிறகு முனியம்மா எங்கள் பக்கம் பார்த்து, "செல வூட்ல சாமியும் வாணாம், துக்கமும் வாணாம், ஜோடன போதும்" என்றாள். அக்கா கதவைச் சாத்தினாள்.

"நீ பி.ஏ. படிச்சவ" என்றாள் என்னிடம். "சாய்ங்காலம் அந்த ஆபீசரு வருவாரு, அவருகிட்ட ஒரு வார்த்த பேசு. அவுக்கச் சொல்லி கேக்காத. இது துக்க வூடுன்னு எல்லார் காதுலயும் விய்ற மாதிரி சொல்லிடு, போதும்."

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். ஆனால் அதற்குப் பிறகு என்னிடம் யாரும் இவ்வளவு பெரிய காரியம் கேட்டதில்லை. ஒரே ஒரு வாக்கியத்தை ஆங்கிலத்திலும் தமிழிலுமாக மாற்றி மாற்றி மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன்.

நாலு மணிக்குக் கார் வந்தது. வெள்ளைக்கார டைரக்டர், அவர் மனைவி, நெற்றியில் மெல்லிய திருநீற்றுக் கீற்றோடு வெல்பேர் ஆபீசர், ஒரு போட்டோக்காரர். ஒவ்வொரு வாசலாகப் பார்த்துக்கொண்டே கடைசி வீட்டுக்கு வந்தார்கள். பின்னாலேயே எல்லா வீட்டுப் பெண்களும் வந்தார்கள். ஆபீசரின் அருகே போய், "சார், இது துக்க வீடு" என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

அவர் கனிவாகத் திரும்பினார். "தெரியும்மா. அதனாலதான் முதல் பரிசே இந்த வீட்டுக்கு."

பிறகு கூட்டத்தைப் பார்த்து உரக்கச் சொன்னார்: கணவனை இழந்த இந்தச் சகோதரி, சோகத்தை ஓரமாக வைத்துவிட்டு, கம்பெனிக் குடும்பத்தின் பண்டிகையில் தானாக முன்வந்து கலந்துகொண்டிருக்கிறார். கை தட்டுங்கள். தட்டினார்கள். டைரக்டரின் மனைவி ஒரு கேக் டப்பாவை அக்கா கையில் கொடுத்தார். அதன் மூடியில் பனி மூடிய ஒரு வீடு. போட்டோக்காரர் அக்காவை நட்சத்திரத்துக்கு நேர் கீழே நிறுத்தி, "கொஞ்சம் சிரிங்கம்மா" என்றார். அக்கா முகத்தை என்ன செய்வதென்று தெரியாமல் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையோடுதான் படம் விழுந்திருக்கும்.

பெண்கள் கலைந்து போனார்கள். நான் முனியம்மாவின் பின்னாலேயே அவள் வீட்டுக்குள் போய்விட்டேன். அழைக்காத வீட்டுக்குள் நுழைந்தது அதுதான் முதல்முறை.

"இன்னா தங்கச்சி, கேக்கு பங்கு தர வந்தியா?" என்றாள்.

ஏணி வந்ததையும், பேப்பர் மேஜைக்குப் போகும் என்று சொன்னதையும் ஒரே மூச்சில் சொன்னேன். கோர்வையாகச் சொன்னேனா என்று தெரியாது. முனியம்மா அடுப்பு மேடையைக் காட்டினாள். ஒரு பித்தளைத் தட்டு, மேலே வாழையிலை.

"அதிரசம். உங்க அக்காவுக்குன்னுதாம்மா நேத்தே சுட்டேன். இந்த வரிசையில எல்லா வூட்லயும் ஒரு தட்டு மூடி வெச்சிக்கினு கீறாங்க. பாய் வூட்ல நோன்பு, அவங்ககூட வெச்சிக்கினு கீறாங்க. காலைல நட்சத்திரத்தப் பாத்துட்டு, நல்ல நாளு கொண்டாடுற பொம்பளைகிட்ட துக்கத் தட்டு தூக்கினு போனா மூஞ்சில அடிச்ச மாதிரி ஆயிடுமேன்னு அப்டியே வுட்டுட்டோம்." வாழையிலையின் ஓரத்தைச் சரிசெய்தாள். "வாயில வந்தத பேசிட்டேனே. அந்தப் பொண்ணு காதுல விய்ந்துச்சா?"

நான் வாசலை எட்டிப் பார்த்தேன்.

வாசலில் டைரக்டரின் கார் இன்னும் நின்றது. ஆபீசர் அக்கா வீட்டு முன்னால் நின்று யாருக்கோ நட்சத்திரத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். முனியம்மாவின் புருஷனும் அதே கம்பெனியில்தான் வேலை செய்கிறார். தட்டை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, "பின்னால வா" என்றாள். சாக்கடை ஓரமாகச் சுற்றி, அக்கா வீட்டுப் பின்வாசலுக்குப் போனோம். எங்களைப் பார்த்துப் பாய் வீட்டம்மாவும் இன்னும் இரண்டு பேரும் தங்கள் பின்வாசலைத் திறந்து தட்டோடு வந்தார்கள்.

அக்கா பின்கதவைத் திறந்தாள். ஒவ்வொரு தட்டாக வாங்கிப் பலகாரத்தை எடுத்து வைத்தாள். முனியம்மாவின் தட்டைத் திருப்பும்போது பழக்கத்தில் கை அந்தக் கேக் டப்பா பக்கம் போயிற்று. ஒரு துண்டை எடுத்துத் தட்டில் வைக்கப் போனாள்.

முனியம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "வாணாம்மே. வெறுந்தட்டு குடு. துக்க வூட்டுத் தட்டு வெறுமனத்தான் வரணும்."

அப்போதுதான் அக்கா அழுதாள். அன்று முழுவதும் அடக்கியது, சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதாள். முன்வாசல் கதவு சாத்தியிருந்தது. வெளியே யாரோ ஸ்விட்சைப் போட, நட்சத்திரம் எரிந்தது. கதவிடுக்கு வழியாக அந்தச் சிவப்பு வெளிச்சம் தரைவரை வந்தது.

ஆறு மணி பஸ்ஸில் திரும்பினேன். யோசித்துக்கொண்டே வந்தேன். இது எங்கள் பண்டிகை என்று கோயிலில் சொல்கிறோம். ஆனால் நட்சத்திரத்தின் நடுவில் இருந்த பெயர் எங்களுடையது இல்லை. ஏணி கொண்டுவந்தவர் எங்கள் மதத்தவர் இல்லை. நட்சத்திரம் மாட்டிய முக்கால்வாசிப் பேருக்கு அது பண்டிகையே இல்லை. எல்லா வாசலிலும் ஏறிவிட்ட பண்டிகைக்கு, கடைசி வீட்டில் ஒரு மனுஷியை அவள் துக்கத்தோடு விட்டுவைக்க மட்டும் மனமில்லை. பிள்ளை பெறப் போன மரியாளுக்குச் சத்திரத்தில் இடமில்லை என்ற கதையை நாங்கள் வருஷாவருஷம் கேட்கிறோம். இடம் வேண்டுமென்றால் நட்சத்திரம் மாட்டு என்று சொல்லும் கதை அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

போக விரும்புகிறவர்களுக்கு: காலை எட்டுக்குள் பஸ் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். டிசம்பரில் வாடைக்காற்று உண்டு, தலைக்குத் துணி எடுத்துக்கொள்ளுங்கள். பஸ் நிற்கும் இடத்திலுள்ள டீக்கடையைத் தவிர நல்ல தண்ணீருக்கு வழியில்லை. இருட்டுவதற்குள் திரும்பிவிடுவது நல்லது. கையில் ஏதாவது பலகாரம் இருக்கட்டும். நட்சத்திரம் இல்லாத வீட்டைப் பார்த்தால் அங்கே கொடுங்கள். எல்லா வீட்டிலும் நட்சத்திரம் இருந்தால், சாக்கடை ஓரமாகச் சுற்றிப் பின்வாசலைத் தட்டிப் பாருங்கள். அவர்கள் தட்டைத் திருப்பித் தரும்போது வெறுமனே வாங்கிக்கொள்ளுங்கள்.