ஊதா மீனின் பணியிடைநீக்கம்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் டைம் ஆபீஸில் உட்கார்ந்தே கன்னியப்பனுக்குத் தலை நரைக்க ஆரம்பித்திருந்தது. யார் லேட், யார் லீவு, யார் யாரைக் கெட்ட வார்த்தையில் திட்டினார்கள் என்பதெல்லாம் அவர் மேஜைக்கு வந்த பிறகுதான் நடந்ததாகக் கணக்கு. சண்டை போட்டால் மெமோ. பதில் சரியில்லை என்றால் விசாரணை. விசாரணை முடிகிற வரை சஸ்பெண்ட். இந்த மூன்று படிகளில் அடங்காத சண்டை உலகத்தில் கிடையாது என்று அவர் மனதார நம்பினார். மீன்களுக்கும் அதுவே போதும் என்று நம்பியதுதான் வம்பாகிவிட்டது.

வீட்டு ஹாலில் ஆறடி நீளத்துக்கு அவர் ஒரு கடலை வைத்திருந்தார். ஆம்பூரில் உப்புக்குப் பஞ்சமில்லை. பச்சைத் தோலைக் கெடாமல் வைப்பதற்கென்று லாரி லாரியாக வந்து இறங்குகிறது. அந்த உப்பு இந்த மீன்களுக்கு ஆகாது. சென்னையிலிருந்து டப்பாவில் வருகிற உப்பைத்தான் ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்து ஊற்ற வேண்டும். அவ்வளவு ராஜ உபசாரத்துக்கு உரியவை டாங் என்ற கடல்மீன்கள். தட்டு மாதிரி தட்டையாக, கண்ணைப் பறிக்கிற நிறத்தில் இருக்கும். தின்பது பாசி. பார்த்தால் சைவம், சாது என்று தோன்றும். ஆனால் வாலடியில் இரண்டு பக்கமும் ஒரு முள்ளை மடக்கி வைத்திருக்கும். விரித்துவிட்டால் அது ஷூ கம்பெனியில் தோல் ஓரம் சீவுகிற கத்திக்குச் சமம்.

மீன் விற்ற தவ்ஃபீக் இதையெல்லாம் முதலிலேயே சொல்லித்தான் அனுப்பினான். “அஞ்சையும் ஒரே நாள்ல உடுங்க சார். ஒவ்வொண்ணா உட்டீங்க, மொத வந்தவன் தொட்டியவே பட்டா போட்டுக்குவான். அதுலயும் இந்த ஊதா இருக்குதே, அத கடைசியா உடுங்க. இது ஜாஸ்தி கோவக்காரன்.”

யூனியன்காரர்கள் பேசும்போது அதிகாரிகள் வைத்திருக்கிற அதே புன்னகையோடு கன்னியப்பன் கேட்டுக்கொண்டார். எந்தக் கம்பெனியில் எல்லோரும் ஒரே நாளில் வேலைக்குச் சேருகிறார்கள்? பணிமூப்பு என்று ஒன்று வேண்டாமா? ஊதாதான் அழகு என்பதால் அதை முதலில் வாங்கினார். அடுத்த மாதம் உடம்பெல்லாம் கோடு கோடாக இருந்த ஒன்று வந்தது. அதற்கு வரியன் என்று பெயர் வைத்தார். பிறகு இரண்டு மஞ்சள், அதன் பிறகு ஒரு நீலம். கடைசியாகச் சேர்ந்த நீலம் ஒரு காலையில் மணலோடு கிடந்தது. செவுளிலிருந்து வால் வரை ஒரே கீறல்.

அவர் மனைவி அம்பிகா அதை ஒரு பழைய தட்டில் எடுத்துக்கொண்டு வந்து அவர் டிபனுக்குப் பக்கத்தில் வைத்தாள். அந்தத் தொட்டி நின்ற சுவரில்தான் பிளக் பாயிண்டும் ஜன்னல் வெளிச்சமும் சேர்ந்து அமைந்திருந்தன. மோட்டார் வைத்த தையல் மிஷின் ஒன்றை அங்கே போட்டு, பிளவுஸ் தைக்கலாம் என்று அவள் நினைத்திருந்தாள். நினைத்து முடிப்பதற்குள் கடல் வந்துவிட்டது.

“இன்னொண்ணு செத்தா தொட்டி வெளிய, மிஷின் உள்ள,” என்றாள். “நான் சண்ட போட மாட்டேன். எங்கண்ணன வரச்சொல்லித் தூக்கிடுவேன்.”

கத்திச் சொல்லியிருந்தால் கன்னியப்பனிடம் பதில் இருந்திருக்கும். அவளோ கொத்தமல்லி விலை சொல்கிற குரலில் சொன்னாள். அவளுடைய அண்ணன் பரந்தாமன் லாரியில் தோல் ஏற்றி இறக்குகிறவர். ஆறடித் தொட்டியெல்லாம் அவருக்கு ஒரு சுமையே இல்லை.

அன்றிலிருந்து கன்னியப்பன் வேலைக்குப் போனாலும் உயிர் தொட்டிப் பக்கத்திலேயே கிடந்தது. கேட்டில் பஞ்ச் அடிக்கிறவர்களின் முகமெல்லாம் மீன் முகமாகத் தெரிந்தது. சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றும் முன்பே தலைகளை எண்ணுவார். தலைகள் சரியாக இருந்தன. ஆனால் சின்ன மஞ்சளின் துடுப்பு கிழிந்திருந்தது. ஊதா, பாறைக்கு மேலே நின்றுகொண்டு, மஞ்சள் தீனிப் பக்கம் வரும்போதெல்லாம் உடம்பைச் சாய்த்து வாலைக் காட்டியது. மஞ்சள், நிறம் வெளுத்துப்போய்ப் பைப்புக்குப் பின்னால் ஒதுங்கியது.

அடுத்த சாவு எது என்பது தெரிந்துவிட்டது. எப்போது என்பதுதான் பாக்கி.

ஆகவே ஊதா சஸ்பெண்ட் செய்யப்பட்டது. சக மீனைத் துரத்தியது, தீனிக்கு வரவிடாமல் தடுத்தது என்று குற்றச்சாட்டுகள் இரண்டு. உத்தரவு வாய்மொழியாகவே வழங்கப்பட்டது; ஊதா வாயைத் திறந்து மூடியதை அவர் ஒப்புதலாக எடுத்துக்கொண்டார். பாறைகளை எல்லாம் வெளியே எடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமையின் பாதியைச் செலவு செய்து, அதை வலையில் பிடித்துப் பின்கட்டில் ஒரு சின்னத் தொட்டிக்கு மாற்றிவிட்டு, பாறைகளைத் திரும்ப அடுக்கினார். சஸ்பெண்ட் ஆனவனுக்குப் பிழைப்பூதியம் பாதிச் சம்பளம். அதன்படி காய்ந்த கடற்பாசித் தாளைக் கத்தரியால் சரிபாதியாக வெட்டிப் போட்டார். நியாயத்தில் நூல் பிசகக்கூடாது.

ஹாலில் அமைதி திரும்பியது. கன்னியப்பன் கம்பெனியில் இரண்டு மெமோவைக் கிழித்துப் போடுகிற அளவுக்குக் கருணை கொண்டார். அமைதி நான்கைந்து நாள் நீடித்தது. அதற்குள் வரியன் பொறுப்பு சூப்பர்வைசர் ஆகிவிட்டது. ஊதா நின்ற அதே பாறைக்கு மேலே போய் அதே மாதிரி உடம்பைச் சாய்த்து நின்றது. ஒரு வித்தியாசம்: வரியன் அடிக்கவில்லை. நின்று காட்டியதோடு சரி. மஞ்சள்கள் அதற்குப் பின்னாலேயே நீந்த ஆரம்பித்தன.

பின்கட்டில் ஊதா வெளுத்துக்கொண்டு வந்தது. சின்னத் தொட்டியில் அதை ரொம்ப நாள் வைக்க முடியாது. கன்னியப்பன் விசாரணையை அவசரமாக முடித்து, எச்சரிக்கையோடு பணிக்குத் திரும்ப அனுமதித்தார். போனில் கேட்டபோது தவ்ஃபீக், ஆள் இல்லாதபோது இடம் போய்விட்டது, இப்போது விட்டால் பேஜாராகிவிடும், பாறையையாவது மறுபடி கலைத்துப் போட்டுவிட்டு விடுங்கள் என்றான். பாறையை முன்பே ஒருமுறை கலைத்தாகிவிட்டது என்று கன்னியப்பன் போனை வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஊதா ஹாலுக்குள் இறங்கியது.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. ஊதா தன் பாறையை நோக்கிப் போயிற்று. வரியன் மேலும் கீழும் இருக்கிற துடுப்புகளை விரித்தது. விரிக்க விரிக்க இரண்டு மடங்கானது. அப்படியே பக்கவாட்டில் வந்து வாலை ஒருமுறை வீசியது. ஊதாவின் விலாவில் வெள்ளையாக ஒரு கோடு விழுந்தது.

கன்னியப்பன் வலையை எடுத்தார். பாறைகளுக்கு நடுவே ஓடுகிற மீனை வலையால் பிடிக்க முடியாது என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் வலையை விட்டார். அதைப் பார்த்து மிரண்டு ஊதா திறந்த வெளிக்கு வந்தது. வரியன் இரண்டாவது கோட்டைப் போட்டது. வலையை எடுத்துவிட்டார். அதற்குள் இத்தனை நாள் ஊதாவுக்குப் பயந்து பைப்புக்குப் பின்னால் கிடந்த சின்ன மஞ்சளும் வந்து தன் பங்குக்கு ஒரு இடி இடித்துவிட்டுப் போனது. ஊதா மேல் மூலையில் போய்த் தலை கீழாக நின்றது. செவுள் படபடவென்று அடித்தது.

அம்பிகா சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. அவள் செய்ய வேண்டியது எதுவும் இல்லை, சும்மா நின்றால் போதும். சாயங்காலத்துக்குள் மிஷின் போட இடம் காலியாகிவிடும். கன்னியப்பனுக்கு அது புரிந்தது. அவளுக்கும் புரிந்ததா என்று திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது.

“இன்னாங்க, இதுக்கு வயிறு இப்படி ஒட்டிப்போயிருக்குது?”

“சஸ்பென்ஷன்ல இருந்துச்சில்ல. பாதிதான் குடுத்தேன்.”

“பாதியா?”

“விசாரணை முடியற வரைக்கும் பாதிதான். அது ரூல்ஸு.”

அம்பிகா கிட்டே வந்து கண்ணாடியில் நெற்றி படுகிற மாதிரி குனிந்து பார்த்தாள்.

“எனக்கும் பாதிதான் குடுத்தீங்க,” என்றாள். “ஸ்டிச்சிங் லைன்ல சூப்பர்வைசர எதிர்த்துப் பேசிட்டேன்னு மெமோ வந்துச்சே, அதுல உங்க கையெழுத்துதான் இருந்துச்சு. அந்த மாசம் எங்கம்மாவும் நானும் ராத்திரிக்கு வெறும் கஞ்சி.”

கல்யாணத்துக்கு முன்னால், அவளும் அதே கம்பெனியில் வேலை பார்த்தபோது நடந்தது அது. மெமோவை வாங்க வந்து நின்ற பெண்ணைத்தான் அவர் முதன்முதலாக ஏறிட்டுப் பார்த்தார். இத்தனை வருஷமும் அதைத் தன் வாழ்க்கையின் நல்ல சகுனம் என்று சொந்தக்காரர்களிடம் சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அவளும் கூடவே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

வரியன் மறுபடி துடுப்பை விரித்தது. அம்பிகா விடுவிடுவென்று உள்ளே போய்விட்டாள். அண்ணனுக்குப் போன் போடத்தான் போகிறாள் என்று கன்னியப்பன் கண்ணை மூடிக்கொண்டார்.

ஆணியிலிருந்து எதையோ கழற்றுகிற சத்தம் கேட்டது. அவள் தலை வாருகிற கண்ணாடியோடு வந்தாள். பழைய ஸ்டிக்கர் பொட்டுகள் வரிசையாக ஒட்டியிருந்த கண்ணாடி. அதைத் தொட்டியின் ஜன்னலோரத்துக் கோடியில், வெளியிலிருந்து உள்ளே பார்க்கிற மாதிரி சாய்த்து வைத்தாள்.

“இத அப்படியே புடிங்க. உங்க பைக் கண்ணாடில ஒரு குருவி வந்து கொத்தும் பாருங்க, வேற குருவின்னு நெனச்சிக்கினு. இவனும் அந்த மாதிரி முட்டாள்தானான்னு பாக்கலாம்.”

கன்னியப்பன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வரியன் ஊதாவை மூலையோடு நெருக்கிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு வீச்சு போதும். திரும்புகிற வேகத்தில் ஜன்னல் கோடியில் ஏதோ அசைவதைப் பார்த்தது. அங்கே இன்னொரு வரியன். இது துடுப்பை விரித்தது, அதுவும் விரித்தது. இது வாலைக் காட்டியது. கொஞ்சமும் மரியாதை இல்லாமல் அதுவும் காட்டியது. இப்படி ஒரு ஒழுங்கீனத்தை எந்தச் சூப்பர்வைசரால் பொறுக்க முடியும்? ஊதாவை விட்டுவிட்டு ஆறடியையும் ஒரே பாய்ச்சலில் கடந்துபோய்க் கண்ணாடியை முட்டியது.

அம்பிகா பாலக்கீரை ஒன்றை வெந்நீரில் வாட்டிக் கிளிப்பில் மாட்டி மறுகோடியில் தொங்கவிட்டாள். முழு இலை. ஊதா வெகுநேரம் அசையவில்லை. கன்னியப்பனுக்குக் கை மரத்துப்போனது. கடைசியில் அது மெதுவாக இறங்கிவந்து இலையின் ஓரத்தை ஒரு கடி கடித்துவிட்டுப் பின்வாங்கியது. பிறகு இன்னொரு கடி. சாப்பிடுகிற மீன் சாகாது என்று தவ்ஃபீக் சொல்லியிருந்தான். அவன் சொன்னதில் கன்னியப்பன் முழுசாக நம்பிய ஒரே விஷயம் அதுதான்.

“அம்பிகா, தொட்டிய…” என்று ஆரம்பித்தார்.

“சாகலையில்ல, இருக்கட்டும். சோபாவ எடுத்துடுங்க. மிஷின் அங்க வந்துரும்.”

“அங்க வெளிச்சம் வராதே.”

“தொட்டிக்கு மேல இவ்ளோ பெரிய லைட்டு போட்டு வச்சிருக்கீங்க. மீன் என்னா பேப்பரா படிக்குது?”

கம்பெனி ஆட்கள் வந்தால் உட்காருகிற சோபா. மெமோ இல்லை, விசாரணை இல்லை, நேரே உத்தரவு. கன்னியப்பன் கண்ணாடியைப் பிடித்தபடியே தலையாட்டினார்.

பரந்தாமன் வந்து சோபாவைத் தூக்கிக்கொண்டு போனார். தூக்குவதற்கு ஏதாவது கிடைத்ததில் அவருக்குத் திருப்தி. மிஷின் வந்தது. கண்ணாடியை மட்டும் எடுக்க முடியவில்லை. எடுத்துப் பார்த்த போதெல்லாம் வரியன் சிறிது நேரம் எதிரியைத் தேடிவிட்டு, ஊதாவின் பக்கம் திரும்பியது. வேறு கண்ணாடி வாங்கித் தருவதாகக் கன்னியப்பன் சொன்னார். அதற்கு அவசியம் இல்லை என்று அம்பிகா சொல்லிவிட்டாள். பிளவுஸ் போட்டுப் பார்க்க வருகிறவர்கள் தொட்டியின் இந்தக் கோடியில் நின்று, தண்ணீர் வழியாக அந்தக் கோடிக் கண்ணாடியில் தங்களைப் பார்த்துக்கொள்கிறார்கள்.

போன வாரம் பக்கத்துத் தெரு ஹலீமா பீ வந்து நின்றாள். கையைத் தூக்கிப் பார்த்தாள், தோளைத் திருப்பிப் பார்த்தாள். கழுத்து மட்டும் தெரியவில்லை. கீரை தின்று கொழுத்த ஊதா சரியாக அங்கேயே நின்றுகொண்டிருந்தது.

“கொஞ்சம் தள்ளச் சொல்லு அம்பிகா,” என்றாள்.

“அது சாப்பிட்டுக்கினு இருக்குது,” என்றாள் அம்பிகா, மிஷினை நிறுத்தாமல். “முடிக்கட்டும், இருங்க.”