வாலில் ஒரு ‘லி’

“ஸ்லோலி... ஸ்லோலி... ஈவன்லி விடுடி, உன் பக்கம் கோணுது பாரு. ம், இப்போ நைஸ்லி!”

ஈர விரிப்பின் ஒரு முனையைப் பிடித்து, சுழலும் சூடான உருளைக்குள் நுழைத்தபடி லி அக்கா பேசிக்கொண்டே இருக்கிறார். மறுமுனையைப் பிடித்திருப்பவர் அவருடைய ஓரகத்தி, அதாவது கணவரின் தம்பி மனைவி. ஆவி பறக்கிறது. இரண்டு பேர் முகமும் வேர்த்து மினுமினுக்கிறது. உருளைக்கு அந்தப் பக்கம் விரிப்பு மொடமொடவென்று வெளியே வருகிறது. அடுத்தது. அதற்கு அடுத்தது. ஒரு ஷிஃப்டுக்கு நானூறு விரிப்புகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ‘லி’ உண்டு, அதனால்தான் அவர் லி அக்கா!

மருத்துவமனைகளும் விடுதிகளும் அனுப்பும் துணிகளைத் துவைத்துத் தேய்த்துக் கொடுக்கும் சலவை ஆலை இது. நான் துணி பிரிக்கும் மேசையில் வேலை பார்க்கிறேன். வந்த முதல் நாளே, “எங்க உக்காரணும்க்கா?” என்று நான் கேட்டதற்கு, “அத அப்புறம் பாக்கலாம். எப்படி உக்காருவ? கம்ஃபர்டப்லியா, கடனேன்னா?” என்று கேட்டவர் இவர். அன்றைக்கே விழுந்துவிட்டேன்.

வயது நாற்பத்து மூன்று. கொண்டையில் ஒரு பேனா செருகியிருக்கும். சீருடைப் பையில் ஆவி பட்டு ஊறிப்போன கையடக்க நோட்டு ஒன்று. இரண்டரை வருடத்துக்கு முன் மாலை நேர ஆங்கில வகுப்பில் சேர்ந்தார். ஆறு மாதம் ஒரு நாள் விடாமல் போனார். வினையடைப் பாடம் வந்தது. அதாவது ஒரு வேலை எப்படி, எப்போது, எங்கே, எவ்வளவு நடந்தது என்று சொல்லும் சொற்கள். அக்காவுக்கு ஜுரமே வந்துவிட்டது. “விதிவிலக்கெல்லாம் அடுத்த வகுப்புல பாக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் போன ஆசிரியருக்கு வேறெங்கோ வேலை கிடைத்தது. அடுத்த வகுப்பு நடக்கவே இல்லை. அக்கா அதற்கெல்லாம் அசரவில்லை. கையில் கிடைத்த பாதியை வைத்துக்கொண்டே ஆலை முழுவதையும் ஆளத் தொடங்கிவிட்டார்.

“வினைச்சொல் தனியா நின்னா பாவமா இருக்கும்பா. ‘வந்தான்’கிற. சரி, வந்தான். ஓடி வந்தானா, தள்ளாடி வந்தானா, மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு வந்தானா? அதச் சொல்லாம கதை சொல்றவங்களோட நான் டீ குடிக்க மாட்டேன்.”

நிஜமாகவே குடிக்க மாட்டார். கோப்பையை எடுத்துக்கொண்டு அடுத்த பெஞ்சுக்குப் போய்விடுவார்.

அவர் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறார். மதியம் ஒரு மணிக்கு ஃபோனில், “சாப்பிட்டேன்” என்பார். “எப்படி சாப்பிட்டீங்க? ப்ராப்பர்லியா, பேருக்கா?” ஒருநாள் மனிதர் பொறுமையிழந்து, “உங்கிட்ட மாட்டிக்கிட்டேன்டி, பெர்மனென்ட்லி!” என்றாராம். இதை அக்கா எங்களிடம் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். ஒவ்வொரு தடவையும் முகத்தில் ஏதோ பதக்கம் வாங்கிய பெருமை.

சாப்பாட்டு அறையில் ஆறு டிபன் மூடிகளை வரிசையாக அடுக்கி ஒரு பாடம் எடுத்தார் பாருங்கள், அதை என்னால் மறக்கவே முடியாது. முதல் மூடி ‘ஆல்வேஸ்’, கடைசி மூடி ‘நெவர்’. நடுவில் யூஷுவலி, ஆஃபன், சம்டைம்ஸ், ரேர்லி. “எங்க வீட்டுக்காரரு டீவி பாக்குறது இந்த மூடி. துணி மடிச்சுத் தரேன்னு சொல்றது இந்த மூடி. மடிக்கிறது...” என்று நகர்ந்து நகர்ந்து, கடைசி மூடியையும் தாண்டி மேசைக்கு வெளியே விரலைக் காட்டினார். சிரித்துச் சிரித்து ஒருவருக்குப் புரையேறிவிட்டது.

ஆனால் கண்மூடித்தனமான பக்தி என்று நினைத்துவிடாதீர்கள். ஆங்கிலத்தின் மீது அவருக்குக் குறைகளும் உண்டு. “பொசுக்குனு அழுதா, படக்குனு எந்திரிச்சா, திடுதிப்புனு வந்து நின்னா. மூணும் ஒண்ணா? அங்க பாவம், மூணுக்கும் ஒரே சடன்லிதான். வச்சு ஓட்டுறாங்க.”

ஓரகத்திக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்ததும் இவர்தான். எல்லாம் இரண்டே விதிகள். முதல் விதி: “நம்ம ‘ஆ’தான் அவங்க ‘லி’. அழகு, அழகா. பியூட்டிஃபுல், பியூட்டிஃபுல்லி. வால்ல ஒரு லி போடு, முடிஞ்சது.” இரண்டாம் விதி: “நம்ம மாதிரியே வினைக்கு முன்னாடி வை. மெதுவா நடந்தேன். ஐ ஸ்லோலி வாக்ட்.” நானும் நோட்டில் எழுதிக்கொண்டேன். எவ்வளவு சுலபம் என்று வியந்தேன்!

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, உருளையில் ஒரு விரிப்பு சுற்றிக்கொண்டது. அக்கா அப்போது டீ குடிக்கப் போயிருந்தார். உருளைக்கு முன்னால் ஒரு சிவப்புக் கயிறு ஓடும். அதை இழுத்தால் இயந்திரம் நிற்க வேண்டும். ஓரகத்தி இழுத்தார். உடனே நிற்கவில்லை. நிற்பதற்குள் எட்டு விரிப்புகள் கருகி, உருளையின் மேலுறை கிழிந்துவிட்டது. நல்லவேளை, யாருக்கும் அடிபடவில்லை. விபத்துப் படிவத்தை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும், தலைமை அலுவலகத்தில் தமிழ் தெரிந்தவர் இல்லை. ஓரகத்தி யார் உதவியும் இல்லாமல் தானே எழுதிக் கொடுத்தார். மறுநாள் காலை, அதைப் படித்துவிட்டு அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். வெள்ளிக்கிழமை விசாரணை. அதில் தோற்றால் வேலையே போய்விடும்.

படிவத்தின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு அக்கா கொதித்தார். “ஐ ஹார்ட்லி புல்ட் த ரோப். த மெஷின் லேட்லி ஸ்டாப்ட். என்னய்யா தப்பு இதுல? பலமா இழுத்தேன், லேட்டா நின்னுச்சு. லட்டு மாதிரி எழுதியிருக்கா! இரு, அகராதியத் தொறந்து அவங்க மூஞ்சிக்கு நேரா காட்டுறேன்.”

ஃபோனில் அகராதியைத் திறந்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். ‘ஹார்ட்லி’ என்று தட்டினார். அரிதாகவே, ஏறக்குறைய இல்லை என்னும்படி. மறுபடி தட்டினார். அதே பதில். ‘லேட்லி’ தட்டினார். சமீபத்தில். பலமாக என்பதற்கு வெறும் ‘ஹார்ட்’ போதும், தாமதமாக என்பதற்கு வெறும் ‘லேட்’ போதும் என்று கீழே போட்டிருந்தது. இரண்டையும் வினைக்குப் பின்னால்தான் வைக்க வேண்டுமாம். அதாவது, கயிற்றைத் தொட்டும் தொடாமலும்தான் இழுத்தேன் என்று ஓரகத்தி கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்!

எனக்குத் தெரிந்து முதல் முறையாக அக்கா வினையடை எதுவும் இல்லாமல் ஒரு வாக்கியம் பேசினார்.

“கொன்னுட்டேன்.”

அன்று மாலை ஓரகத்தி வீட்டுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நடந்ததைச் சொன்னதும் அந்த அம்மா அழவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“வெளிய சொல்லிராதீங்கக்கா. அடுத்த மாசம் உங்கள சூப்பர்வைசர் ஆக்குறதே இங்கிலீஷ் தெரியும்னுதான். நான் தெரியாம எழுதிட்டேன்னு சொல்லிக்கிறேன்.”

“நம்புவாங்களா? மாட்டிக்கிட்டதும் மாத்திப் பேசுறான்னுதான் சொல்வாங்க.”

“அதுக்காக நீங்களும் சேந்து மாட்டணுமா?”

“வாய மூடுடி. தெரியாம எழுதினவ நீ. தெரியாமலே சொல்லிக்குடுத்தவ நான். இதுல யாரு பெரியவ?”

“எப்பவும் நீங்கதானே பெரியவ” என்றார் ஓரகத்தி. அழுகை வர வேண்டிய இடத்தில் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இதெல்லாம் என்ன உறவோ, போங்கள்! இவர்கள் இருவரும் சீண்டிக்கொள்ளாத நாளே கிடையாது.

வெள்ளிக்கிழமை. மேலாளர் அறை. துணைக்கு இரண்டு பேரை அழைத்து வரலாம் என்பதால் நானும் போனேன். மேலாளர் தமிழ் பேசுபவர்தான், ஆனால் கறாரானவர். “எழுத்துல இருக்கும்மா. நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க. நான் என்ன பண்ண?”

அக்கா நோட்டை விரித்து மேசை மேல் வைத்தார். ஊறிய பக்கத்தில் அவர் கையெழுத்து, இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதியோடு: ஹார்ட், ஹார்ட்லி. லேட், லேட்லி. ஃபாஸ்ட், ஃபாஸ்ட்லி.

“இந்த விதி என்னோடது சார். இவ அதத்தான் எழுதினா. தப்பு என்னுது, கம்ப்ளீட்லி என்னுது.”

மேலாளர் நோட்டைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். “உங்க பேர இங்கிலீஷ் தெரிஞ்சவங்கன்னுதான் மேல அனுப்பியிருக்கேன். தெரியுமில்ல?”

“தெரியும் சார். அத அப்புறமா பேசுவோம். இப்போ கயித்தப் பேசுவோம்.”

கொண்டையிலிருந்து பேனாவை உருவி ஜன்னலுக்கு வெளியே தெரிந்த உருளையின் பக்கம் நீட்டினார். “நேர்ல வந்து பாருங்க. அந்தக் கயிறு மாட்டுற இரும்புக் கொக்கி நிமிந்து நேரா நிக்குது. தொட்டும் தொடாம இழுத்தா இரும்பு நிமிருமா?”

மேலாளர் எழுந்து போனார். ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்தபோது அவர் விரல்களில் எண்ணெய்க் கறை.

“சரி. கொக்கிய நானே போட்டோ எடுத்துட்டேன், அதையும் சேத்து அனுப்புறேன். அதோட புதுசா ஒரு வாக்குமூலம் வேணும். இவங்க கையால, இப்பவே, என் முன்னாடி. யாரும் எடுத்துச் சொல்லக் கூடாது.” அக்காவைப் பார்த்து, “முக்கியமா நீங்க.”

ஓரகத்தி எழுதத் தொடங்கினார். ஐ. புல்ட். த. ரோப். ஒவ்வொரு எழுத்தாக. அடுத்து ‘ஹார்ட்’டின் கடைசி எழுத்தான ‘டி’யைப் போட்டதும் பேனா நின்றுவிட்டது. முனை தாளைத் தொட்டபடியே இருக்கிறது. இரண்டு வருடப் பழக்கம், கை அடுத்த எழுத்துக்குத் தயாராகத் துடிக்கிறது. ஓரகத்தி தலையை லேசாகத் திருப்பி அக்காவைப் பார்த்தார்.

லி அக்கா கண்களை இறுக மூடிக்கொண்டு, இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டார்.