ஸ்டேஷன் மாஸ்டரின் மனைவி

கண்டியில் மழைக்கு ஒதுங்கிய புத்தகக் கடையில் அந்தப் பழைய நாவலைப் புது அட்டையோடு கண்டேன். "இது எங்கட தாத்தாக்கு நான் வாசிச்சிக் காட்டின கதை" என்றேன். "உங்கட தாத்தாவுக்கு அந்தக் காலத்திலேயே நாவல் விருப்பமோ?" என்றார் யாழ்ப்பாணத்துக் கடைக்காரர். எங்கள் முஸ்லிம் வீடுகளில் தாத்தா என்றால் அக்கா. அதையெல்லாம் விளக்கிக்கொண்டு நிற்கத் தெம்பில்லை. கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். அது மாறவில்லை. மாறியிருக்குமென்று எதிர்பார்த்தேனோ என்னவோ, பாவி.

புதுத் தாளை முகர்ந்தால் கலகெதரையில் எங்கள் குசினியின் வாசந்தான் வந்தது, பலாக்கொட்டை சுடும் வாசம். தாத்தா அடுப்படியில் வேலையாக இருப்பாள். நான் காலை நீட்டிக்கொண்டு வாசிப்பேன். அதுவே பெரிய உதவி என்று எனக்கு நினைப்பு. சின்ன வயதில் கொதிபால் கொட்டி அவளுடைய ஒரு கன்னம் சுருங்கிப்போயிருந்தது. வீட்டுக்கு ஆள் வந்தால் உம்மா, "மூத்தவ உள்ளுக்கு இரிங்க" என்பார். பாட்டுக்கு மட்டும் எல்லோருக்கும் அவள் வேண்டும். கல்யாண வீட்டில் பெண்கள் பக்கத்துத் திரைக்குள்ளிருந்து அவள் பைத் பாடினால், சோற்றுச் சகன் தட்டைச் சுற்றியிருந்து கை வைத்த ஆண்கள்கூடக் கொஞ்சம் நிறுத்துவார்கள்.

நாவலின் நாயகியும் அப்படித்தான். முகம் சரியில்லையென்று நாடகக் கம்பெனி அவளை மேடையேற்றாமல் திரைக்குப் பின்னால் பாட வைத்திருந்தது. "இது என்னெப் பத்தித்தானே எழுதி ஈக்கி" என்று தாத்தா சிரிப்பாள். வேறெதற்கும் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

கடைசியில், அந்தப் பெண் ஸ்டேஷன் வாங்குப் பலகையில் தூங்கும்போது கம்பெனி அவளை விட்டுவிட்டு ரயிலேறிவிடுகிறது. அவ்வளவுதான் கதை. எனக்கு அதை வாசிக்க வாய் வரவில்லை. "ஸ்டேஷன் மாஸ்டர்ட பொஞ்சாதி கோப்பி குடுத்து, வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போன. அவட தம்பி பாட்டெக் கேட்டு, இவதான் வேணுமெண்டு கல்யாணம் முடிச்ச" என்று நானாகவே ஒரு முடிவை அடித்துவிட்டேன்.

அந்த வருட நோன்பு முடிந்ததும் கம்பளையிலிருந்து தாத்தாவுக்குச் சம்பந்தம் வந்தது. மனைவியை இழந்த கடைக்காரர், நல்ல மனிதர். "புள்ளைகளெப் பாக்க ஒரு ஆள் வேணும்" என்றார் அவருடைய உம்மா. தாத்தா வேண்டாமென்றுவிட்டாள்.

"அவங்களுக்கு ஆள்தானே வேணும்? எண்ட பாட்டெக் கேட்டு ஒத்தர் வருவார். கதேல அந்தப் புள்ளக்கி வந்தாரே" என்றாள் என்னிடம். அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சிரித்துக்கொண்டு நின்றேன். பிறகு இளையவள் நான் முடித்துப் போனேன். என் கல்யாணத்திலும் திரைக்குள்ளிருந்து அவள்தான் பாடினாள்.

இப்போது கல்யாணமெல்லாம் மண்டபத்தில். பாட்டுக்கு ஸ்பீக்கர் பெட்டி இருக்கிறது. குசினியை உடைத்து டைல்ஸ் பதித்துவிட்டார்கள். தனியாகவே இருந்த தாத்தாவும் போன வருடம் மௌத்தாகிவிட்டாள். ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த ஸ்டேஷன் மாஸ்டர்ட பொஞ்சாதி நல்ல மனிசி, என்ன?" என்றாள். "ஓ, தாத்தா" என்றேன்.

மழை விட்டது. புத்தகத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன். அதில் அந்த மனிசியைப் பற்றி ஒரு வரி கிடையாது. அவளைத் தெரிந்தவள் இனி நான் ஒருத்திதான்.